சிமெண்ட் தூவிய அவரைப் பந்தல்

அவரை இலையை நகத்தால் சுண்டினால் சத்தம் வரக் கூடாது.

அந்த மார்கழிக் காலையில் வந்தது. பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா, இடுப்புயர மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கையை நீட்டி எங்கள் பந்தலில் தொங்கிய ஓர் இலையைச் சுண்டினார். 'டக்.' அடுத்த இலையைச் சுண்டினார். அதுவும் 'டக்.'

"சுமதி, இது என்னடி, இலையா ஓடா?"

நான் வேலைக்குக் கிளம்பிச் சாப்பாட்டு டப்பாவோடு நின்றிருந்தேன். பந்தலின் கிழக்குப் பாதி முழுக்கச் சாம்பல் நிறத்தில் விறைத்துப்போய் இருந்தது. காற்றடித்தபோது கொடி ஆடவில்லை. காகிதம் உரசுவதுபோல் லேசாகச் சத்தம் மட்டும் கேட்டது.

செல்வி அக்கா இலையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். அவர் வீட்டுக்காரர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். அரியலூரில் அந்த வாசனை தெரியாத மூக்கு கிடையாது.

"சிமெண்டா?"

"ம்."

"நீயா போட்ட?"

"ம்."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மெதுவாக எங்கள் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"யக்கா, கொஞ்சம் வெளிய வாங்க. உங்க பொண்ணு அசுவினிக்குக் காங்கிரீட் வூடு கட்டிக் குடுத்துருக்கா. பால் காய்ச்சணும், சொம்பு எடுத்துக்கிட்டு வாங்க!"

அசுவினி என்பது இளந்தளிரில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் கறுப்புப் பொடிப்பூச்சி. அம்மா அதைச் செடிப்பேன் என்பாள். அம்மா வெளியே வந்தாள், பந்தலைப் பார்த்தாள், ஓர் இலையைக் கிள்ளினாள். இலை கிழியவில்லை. ஒடிந்தது.

பொங்கலுக்கு இன்னும் நான்கு வாரம்கூட இல்லை.

அம்மா சொன்ன ஒரு சொல்

நான்கு வாரம் என்பது ஏன் முக்கியம் என்று சொல்ல, அதற்கு முந்தைய வைகாசிக்குப் போக வேண்டும். அக்கா மீனாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு வரதராஜன்பேட்டைப் பக்கம். முந்திரியும் கடலையும் போடும் விவசாயக் குடும்பம்.

பந்தி முடிந்து கை கழுவிவிட்டு அக்காவின் மாமியார் அம்மாவிடம் கேட்டார்.

"கத்திரிக்கா நல்லாருந்துச்சுங்க சம்பந்தி. எந்தத் தோட்டத்துது?"

"மார்க்கெட்ல வாங்குனதுங்க."

"ஆமா, டவுன் வூட்ல வேற எப்புடி? நாங்கதான் மண்ணுல கெடந்து சாவணும்."

அவர் குத்திச் சொன்னாரா, பெருமூச்சு விட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு அன்றே தெரிந்துவிட்டது. அம்மாவும் விவசாயி வீட்டுப் பெண்தான். ரயில்வே கேட்மேனைக் கட்டிக்கொண்டதால் டவுனுக்கு வந்தவள்.

"தலைப் பொங்கலுக்குப் பாருங்க சம்பந்தி. எங்க வூட்டுச் சீர்ல ஒரு காய்கூட கடைக்காயா இருக்காது."

பக்கத்தில் நின்ற அப்பா பந்தலின் காகிதத் தோரணத்தை அண்ணாந்து பார்த்தார். ஏதாவது தவறாகப் போகிறது என்று தோன்றினால் அப்பா மேலே பார்ப்பார். எங்கள் பின்புறத்து நிலம் இருபதடிக்குப் பதினைந்தடி. அதில் ஒரு துணி துவைக்கும் கல்லும் உண்டு.

ஆடியில் அம்மா விதை போட்டாள். கத்தரி, பரங்கி, மொச்சை, மதிலோரம் சர்க்கரைவள்ளி, குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு வாழை. நடுவில் அவரைப் பந்தல். பொங்கல் குழம்புக்கு எல்லாமும் வேண்டும் என்றாலும், சீர்க் கூடையில் மேலே தெரிவது அவரைதான். ஊதா விளிம்போடு குவிந்திருக்கும். வருகிறவர்கள் கை முதலில் அதைத்தான் தொடும்.

பூச்சிக்கு ரேஷன் கார்டு

பூச்சிப் பொறுப்பை அம்மா எனக்குக் கொடுத்தாள். காரணம், நான் வேதியியல் படித்தவள். ஊருக்குப் பக்கத்து சிமெண்ட் ஆலையின் லேபில் வேலை பார்ப்பவள். "உங்க லேப்ல பூச்சிக்கு ஏதாச்சும் இருக்குமில்ல?" என்று கேட்டாள். லேபில் பூச்சி என்றால் விளக்கைச் சுற்றும் ஈசல் மட்டும்தான்.

ஆனாலும் நான் ஒரு நோட்டுப் போட்டேன். எந்தச் செடி, எந்தப் பக்கம், என்ன பூச்சி, எத்தனை, என்ன செய்தேன். ஐந்து கட்டம். கத்தரித் தண்டுக்குள் புழு புகுந்தால் நுனி வாடித் தலை தொங்கும். நுனியைக் கிள்ளி, புழுவோடு நசுக்க வேண்டும். பரங்கி இலையைச் சல்லடையாக்கும் சிவப்பு வண்டு வெயில் ஏறினால் பறந்துவிடும். விடியலில் குளிரில் மந்தமாக இருக்கும்போது பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். பொறுக்கினேன். எண்ணினேன். எழுதினேன்.

அம்மா ஒருநாள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏண்டி, செவப்பு வண்டு பதினாலுன்னு எழுதிருக்க. நேத்து பதினொண்ணு. மூணு எங்கேந்து வந்துச்சுன்னு வெசாரிச்சியா?"

"தெரிஞ்சுக்கத்தானம்மா எழுதுறேன்."

"ரேஷன் கார்டே போட்டுரு. குடும்பத் தலைவர் பேரு, உறுப்பினர் எத்தன."

அம்மாவுக்கு என் பட்டியல்கள்மேல் மரியாதை இருந்ததே இல்லை. பள்ளிக்கூட நாளில் நான் காலைக்கடன்களை வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டியதை இன்னமும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அதில் ஏழாவதாக 'அம்மாவிடம் திட்டு வாங்குதல்' என்று எழுதியிருந்தேனாம். எழுதியது உண்மைதான். அது தினமும் நடந்தது, எழுதாமல் எப்படி?

எப்படியோ, கார்த்திகைப் பாதி வரைக்கும் தோட்டம் என் கையில் நின்றது. கார்த்திகைக் கடைசியில் அசுவினி வந்தது.

ஒரே வாரத்தில் அவரைத் தளிர்களெல்லாம் கறுப்பு. பூங்கொத்துக்குக் கீழே மை தடவியதுபோல் அப்பியிருந்தது. எறும்புச் சாரை வேறு. நோட்டில் எண்ணிக்கைக் கட்டத்தில் முதல்முறையாக 'எண்ண முடியவில்லை' என்று எழுதினேன். எழுதும்போதே கை கூசியது.

ஐந்து காரணங்கள்

"சாம்பலைத் தூவு, போயிரும்" என்றாள் அம்மா.

எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். விறகடுப்புச் சாம்பலைச் சலித்து, பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, விடியலில் செடிமேல் தட்டினால் பொடி புகைபோல் இறங்கும். பனி ஈரத்தில் இலையிலும் பூச்சியிலும் ஒட்டிக்கொள்ளும். பூச்சி காய்ந்து உதிரும்.

எங்கள் வீட்டில் சாம்பல் இல்லை. மீனா கல்யாணத்துக்கு முன்பே காஸ் அடுப்பு வந்துவிட்டது. செல்வி அக்கா வீட்டில் வெந்நீர் அடுப்பு உண்டு. ஆனால் சொம்பைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாம்பல் கேட்க எனக்குக் கூச்சம். வேதியியல் படித்தவள் பக்கத்து வீட்டில் சாம்பல் கேட்பதா?

குளியலறை கட்டி மிஞ்சிய அரை மூட்டை சிமெண்ட் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டில் எழுதினேன்:

1. சாம்பலில் சுண்ணாம்பு உண்டு. சிமெண்டிலும் உண்டு.
2. சாம்பலுக்குக் காரத்தன்மை. சிமெண்டுக்கு அதைவிட.
3. சாம்பலைச் சலிக்க வேண்டும். சிமெண்ட் ஏற்கெனவே நைஸ்.
4. நம் ஊரில் சாலையோர மரங்கள் எல்லாவற்றின்மேலும் வருடம் முழுக்கச் சிமெண்ட் தூசி, ஒன்றும் சாகவில்லை.
5. கையில் இருக்கிறது.

நன்றாக இருந்தது. அடிக்கோடு போட்டேன்.

மறுநாள் விடியலில், நல்ல பனியில், அப்பாவின் பழைய வேட்டித் துணியில் சிமெண்டைக் கட்டிப் பந்தலின் கிழக்குப் பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். மிக அழகாக இறங்கியது. சாம்பலைவிடச் சீராக. பாதிப் பந்தல் முடிந்தபோது ஆலை பஸ் ஹாரன் அடித்தது. மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன்.

அந்த ஹாரன் அடித்த டிரைவருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

லேபில் அன்று பகல் முழுக்க என்ன வேலை பார்த்தேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைப்பதில் பயனில்லை. சிமெண்டில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, அச்சில் நிரப்பி, அதன்மேல் ஊசியை இறக்கி, எவ்வளவு நேரத்தில் இறுகுகிறது என்று பார்ப்பது. அரை மணிக்குள் இறுகத் தொடங்கக் கூடாது. பத்து மணி நேரத்துக்குள் இறுகி முடிந்துவிட வேண்டும். இதை நான் இரண்டு வருடமாகத் தினமும் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றும் போட்டேன். சரக்கு தரமாக இருந்தது. சாயங்காலம் இருட்டியபின் வீடு திரும்பியதால் பந்தலைப் பார்க்கவில்லை. அம்மா பார்த்திருந்தாலும், சொன்னபடி சாம்பல் தூவியிருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பாள். மறுநாள் காலை செல்வி அக்கா பார்த்தார்.

இறுகாத சிமெண்ட்

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏழாவது வேலை முடிந்தது என்று கிளம்பியிருப்பேன். ஒடிந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"மார்க்கெட்ல ரெண்டு கிலோ வாங்கிக் கலந்துட்டா யாருக்குத் தெரியும்?" என்றார் அப்பா.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

அப்பா வானத்தைப் பார்த்தார்.

எனக்கு அந்த நிமிடம் மனதில் வந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன், என்னைப் பற்றித்தான். "அம்மா, இது அக்கா வூட்டுக்குத் தெரியக் கூடாது. லேப்ல வேலை பாக்குற பொண்ணுன்னு பெருமையாச் சொல்லி வச்சிருக்கீங்க. சிரிப்பாங்க. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சொல்லல, போ."

"எங்கிட்ட சத்தியம் கேக்காத. எனக்கு வாய் நிக்காது" என்றார் செல்வி அக்கா மதிலுக்கு மேலிருந்து. "ஆனா எனக்கு அங்க போக பஸ்ஸும் தெரியாது, பொழைச்ச."

அன்று லீவு போட்டேன். இறுகிய கொடிகளைக் கணுவுக்குக் கீழே வெட்டி எடுத்தோம். கூடை கூடையாக வந்தது. சருகுபோல் இல்லை, கனத்தது. லேபில் ஒரு பழக்கம் உண்டு: தேறாத சாம்பிளை உடனே தூக்கிப் போடக் கூடாது, எண் போட்டு வைக்க வேண்டும். ஓர் இலையை எடுத்து 'மாதிரி 1' என்று சீட்டு ஒட்டி நோட்டுக்குள் வைத்தேன். அம்மா பார்த்தாள். அடுத்த கூடையைத் தூக்கினாள்.

மேற்குப் பாதி பிழைத்திருந்தது. ஆனால் அசுவினியும் அங்கே குறையில்லாமல் பிழைத்திருந்தது. மறுநாள் விடியலில் மதில்மேல் ஒரு டப்பா வந்து உட்கார்ந்தது.

"இந்தா, சலிச்சு வச்சிருக்கேன்" என்றார் செல்வி அக்கா. "இது இறுகாத சிமெண்டு."

வாங்கிக்கொண்டேன். அப்பிக் கிடந்த நுனிகளைக் கிள்ளி எறிந்தோம். மீதியை நானும் அம்மாவும் விரலால் வழித்து, தண்ணீர் தெளித்துக் கழுவி, அடுத்த விடியலில் சாம்பல் தட்டினோம். ஒருநாள் விட்டு ஒருநாள். நோட்டில் 'எண்ண முடியவில்லை' என்பது 'நிறைய' என்று மாறியது. பிறகு 'கொஞ்சம்' என்று. மார்கழி மூன்றாம் வாரத்தில் புதுப் பூ வந்து, பிஞ்சு விட்டு, காய் தொங்கியது.

பாதிப் பந்தலின் காய். அதிலும் துளை விழுந்தவை, கோணியவை, சாம்பலால் வடுப்பட்டவை. அம்மா முறத்தில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தாள். நேரானது, நீளமானது, ஊதா விளிம்பு முறியாதது மட்டும் கூடைக்கு. மற்றதெல்லாம் எங்களுக்கு. அவரைப் பொரியல், அவரைக் கூட்டு, அவரை சாம்பார். அப்பா ஒரு வாரம் கூரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஒரே அளவு

பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால் சீர் கொண்டுபோனோம். எங்கள் ஊர் மாவட்டத் தலைநகராகி, ஒரு வருடத்துச் சொச்சத்தில் மறுபடி பெரம்பலூருக்குள் போய்ச் சேர்ந்திருந்த காலம் அது. கடைப் பலகைகளில் பாதி மாற்றி, பாதி மாற்றாமல் கிடந்தன. ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறினோம். கரும்பு அப்பாவிடம், கூடை அம்மா மடியில், பட்டியல் எழுதிய நோட்டு என்னிடம்.

பட்டியலில் பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, கத்தரி, பரங்கி, மொச்சை, கிழங்கு, வாழை எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தேன். அவரைக்குப் போடவில்லை. கூடையில் அது அரைச் சாண் உயரம்தான் இருந்தது. 'குறைவு' என்று எழுதியிருந்தேன்.

அக்காவின் மாமியார் கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார். மீனா காபி போட உள்ளே போனாள். மாமியார் கூடையைத் தன் பக்கம் இழுத்துக் காய்களை ஒவ்வொன்றாக வெளியில் எடுத்தார். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்தார். பரங்கியைத் தட்டினார். அவரையில் ஒன்றை எடுத்து ஒடித்தார். இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சம்பந்தி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க."

"சொல்லுங்க."

"கத்திரிக்கா உங்க வூட்டுதுதான். பாதியப் புழு தின்னுருக்கு, பாத்தாலே தெரியுது. பரங்கியும் சரி. இந்த அவரக்கா மட்டும் ஒரே அளவா இருக்கு. ஒரு சொத்தை கெடையாது, ஒரு கோணல் கெடையாது. சந்தையில பொறுக்குனாப்புல இருக்கு." காயைத் திரும்பக் கூடையில் வைத்தார். "பரவால்லங்க. எல்லா வூட்லயும் நடக்குறதுதான்."

அந்தப் 'பரவால்லங்க' இருக்கிறதே. திட்டியிருக்கலாம்.

அம்மா முதலில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இரண்டு கிலோ வாங்கிக் கலந்துவிட்டாரோ என்ற சந்தேகம். அப்பா இல்லையென்று வேகமாகத் தலையை ஆட்டினார். பிறகு அம்மா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

எனக்குப் புரிந்தது. பாதிப் பந்தல் போன கதையைச் சொன்னால்தான், கொஞ்சமாகக் கிடைத்ததில் நல்லதை மட்டும் பொறுக்கிய கதையைச் சொல்ல முடியும். அதைச் சொன்னால் இதில் என் பெயர் வரும். சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். வைகாசியில் சொன்ன சொல் பொய்யாகட்டும் என்று விட்டுவிட்டு, மார்கழியில் என்னிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் நோட்டைத் திறந்து மாதிரி 1-ஐ எடுத்தேன்.

"அத்தை, இதப் பாருங்க."

அவர் இலையை வாங்கினார். திருப்பினார். நகத்தால் சுண்டினார்.

'டக்.'

"என்ன தாயி இது?"

"அவரை இலைங்க."

"இலையா!"

"அசுவினிக்குச் சிமெண்டு தூவுனேங்க. பனியில இறுகிப்போச்சு. பாதிப் பந்தல வெட்டி எறிஞ்சுட்டோம். மீதியில காய்ச்சதுதாங்க இது. கொஞ்சமாச்சே, நல்லதாவது போவட்டும்னு அம்மா ஒண்ணொண்ணாப் பொறுக்குனாங்க. சொத்தையெல்லாம் நாங்க தின்னுட்டோம்."

"ஒரு வாரமா" என்றார் அப்பா. அந்த வீட்டில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

மாமியார் இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ எங்க வேலை பாக்குற?"

"சிமெண்டு லேப்லங்க."

"அங்க என்ன வேலை?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். வேறு நான்கு சோதனைகளும் செய்வேன். அவற்றில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.

"சிமெண்டு எவ்வளவு நேரத்துல இறுகுதுன்னு பாக்குறதுங்க."

சமையலறையில் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. மீனாதான் முதலில் சிரித்தாள். பிறகு மாமியார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. கடைசியில் அம்மாவும் சிரித்தாள். அவளுக்கு மூன்று வாரச் சிரிப்பு பாக்கி இருந்தது.

சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமியார் ஒதுக்கி வைத்த அவரையை மறுபடி கையில் எடுத்தார். இந்தமுறை மெதுவாக ஒடித்து, உள்ளே இருந்த விதையை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்ல காய்தான் சம்பந்தி. இதுல விதைக்கு நாலு நெத்து விட்டு வைங்க. ஆடிக்கு எங்களுக்கு வேணும்."

"அதுக்கென்னங்க, குடுத்து விடுறேன்."

"இவகிட்ட குடுத்து விடாதீங்க."

மாதிரி 1 எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவர் அதைக் காலண்டர் ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாராம். வருகிறவர்களைச் சுண்டிப் பார்க்கச் சொல்கிறாராம். மீனா சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் வெறுங்கூடை அம்மாவின் காலடியில் கிடந்தது. ஜெயங்கொண்டம் தாண்டியதும் அம்மா என் பக்கம் கை நீட்டினாள்.

"அந்த நோட்டக் குடு. பேனா இருக்கா?"

கொடுத்தேன். சீர்ப் பட்டியல் இருந்த பக்கத்தை அவளே தேடி எடுத்தாள். அவரைக்கு நேரே நான் எழுதியிருந்த 'குறைவு' என்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடித்தாள். பக்கத்தில் ஒரு டிக் போட்டாள். பஸ் பள்ளத்தில் இறங்கிய நேரம். கோடு நீண்டு மொச்சையைத் தாண்டிக் கிழங்கு வரை போய்விட்டது.